ஆக்சிஜன் முதல் பொலோனியம் வரை: ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க என்ன செலவு?

"ஒரு தொகுதியில் மேலிருந்து கீழே வரும்போது அயனியாக்கும் ஆற்றல் குறைகிறது. ஏன்?"

பிளஸ் ஒன் வேதியியல் படித்த யாரும் இந்தக் கேள்வியில் இருந்து தப்பியிருக்க முடியாது. பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். அணுவின் ஆரம் அதிகரிக்கிறது, மறைத்தல் விளைவு அதிகரிக்கிறது, ஆகவே குறைகிறது. மூன்று வரி, முழு மார்க். திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் படிக்கிற பையனும் இதைத்தான் எழுதுகிறான், சென்னையில் படிக்கிற பெண்ணும் இதைத்தான் எழுதுகிறாள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த "குறைகிறது" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு சங்கதி ஒளிந்திருக்கிறது என்பதை அந்த மூன்று வரி சொல்வதே இல்லை. பதினாறாம் தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஆட்கள் யார் யார்? ஆக்சிஜன், கந்தகம், செலினியம், டெல்லூரியம், பொலோனியம். இவர்களுக்கு சால்கோஜன்கள் என்று பெயர். தாதுக்களை உருவாக்குபவர்கள் என்று அர்த்தம். பூமியில் கிடைக்கும் பெரும்பாலான உலோகத் தாதுக்கள் ஆக்சைடாகவோ சல்பைடாகவோ இருப்பதால் வந்த பெயர். ஆறாவதாக லிவர்மோரியம் என்று ஒருவர் உண்டு. 2012-ல்தான் பெயர் சூட்டினார்கள். ஆய்வகத்தில் ஒரு சில அணுக்கள் பிறந்து உடனே சிதைந்துவிடுவதால் அவரை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அயனியாக்கும் ஆற்றல் என்பதை ஒரு கிணறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் கிணற்றுக்குள் கிடக்கும் வாளி. அதை வெளியே இழுக்க எவ்வளவு உழைப்பு தேவை என்பதுதான் அயனியாக்கும் ஆற்றல். ஆழக் கிணறு என்றால் கை வலிக்கும். ஒரு மோல் அணுக்களில் இருந்து ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் வீதம் எடுக்க ஆகும் செலவு, கிலோஜூலில்:

ஆக்சிஜன் – 1314
கந்தகம் – 1000
செலினியம் – 941
டெல்லூரியம் – 869
பொலோனியம் – 812

குறைகிறது, சரிதான். ஆனால் எப்படிக் குறைகிறது என்று கவனியுங்கள். ஆக்சிஜனில் இருந்து கந்தகத்துக்கு வரும்போது 314 சரிகிறது. அடுத்த படியில் வெறும் 59. அதற்கடுத்து 72. கடைசிப் படியில் 57. திருத்தணி மலைக்கோயில் படிக்கட்டு மாதிரி ஒரே சீராக இறங்குவதில்லை. முதல் படியே ஒரு பள்ளத்தில் குதிப்பது போல, அப்புறம் சின்னச் சின்னப் படிகள்.

ஏன் அப்படி? ஆக்சிஜன் ரொம்பக் குட்டி அணு. அதன் ஆரம் சுமார் 66 பிக்கோமீட்டர்தான். கந்தகம் 105. வெளி எலக்ட்ரான்கள் ஒரேயடியாகத் தள்ளிப்போய்விடுகின்றன, பிடி தளர்கிறது. ஆனால் கந்தகத்தில் இருந்து செலினியத்துக்குப் போகும் வழியில் வேறு ஒரு விஷயம் நடக்கிறது. நடுவில் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்து தனிமங்கள் வந்துவிட்டன. அதாவது செலினியத்தின் உள்ளே பத்து டி எலக்ட்ரான்கள் புதிதாகக் குடியேறிவிட்டன. அணுக்கருவிலோ பதினெட்டு புரோட்டான்கள் கூடியிருக்கின்றன. டி எலக்ட்ரான்கள் மறைப்பதில் சோம்பேறிகள். அணுக்கருவின் இழுப்பைச் சரியாகத் தடுப்பதில்லை. அதனால் செலினியம் எதிர்பார்த்த அளவுக்குப் பெருக்கவில்லை (120 பிக்கோமீட்டர்தான்). அயனியாக்கும் ஆற்றலும் எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை. டெல்லூரியத்தில் இருந்து பொலோனியத்துக்குப் போகும்போது இதே வேலையைப் பதினான்கு எஃப் எலக்ட்ரான்கள் செய்கின்றன. கனமான அணு என்பதால் சார்பியல் விளைவும் சேர்ந்துகொள்கிறது.

ஆக "மறைத்தல் விளைவு அதிகரிக்கிறது" என்று எழுதுவது பாதிக் கதைதான். யார் மறைக்கிறார்கள் என்பதும் முக்கியம்!

பக்கத்து வீட்டு நைட்ரஜன்

இப்போது அடுத்த புகழ்பெற்ற கேள்வி. இடமிருந்து வலமாகப் போனால் அயனியாக்கும் ஆற்றல் கூட வேண்டும். ஆனால் நைட்ரஜனுக்கு 1402, அடுத்து வரும் ஆக்சிஜனுக்கு 1314. குறைந்துவிட்டதே?

இதற்கும் மனப்பாடப் பதில் தயார். நைட்ரஜனின் பி ஆர்பிட்டால்கள் பாதி நிரம்பியவை, பாதி நிரம்பியது நிலையானது. சரி, அந்தப் பதிலை நம்பி அடுத்தடுத்த வரிசைகளுக்கும் போய்ப் பார்ப்போர் ரொம்பக் குறைவு. போய்ப் பார்த்தால்:

நைட்ரஜன் 1402 – ஆக்சிஜன் 1314
பாஸ்பரஸ் 1012 – கந்தகம் 1000
ஆர்சனிக் 945 – செலினியம் 941
ஆன்டிமனி 831 – டெல்லூரியம் 869

வித்தியாசம் முதலில் 88. அப்புறம் 12. அப்புறம் 4. நான்காவது வரிசையில் கணக்கே தலைகீழ்! டெல்லூரியம் ஆன்டிமனியை முந்திவிட்டது. ஆன்டிமனிக்கும் பி ஆர்பிட்டால் பாதிதான் நிரம்பியிருக்கிறது. "பாதி நிரம்பியது நிலையானது" என்பது மந்திரம் என்றால் இங்கே ஏன் பலிக்கவில்லை?

ஏனென்றால் அது மந்திரம் இல்லை. ஆக்சிஜனின் நான்காவது பி எலக்ட்ரான் ஏற்கனவே ஒருவர் குடியிருக்கும் அறையில் போய்த் தங்க வேண்டியிருக்கிறது. குட்டி அணு, குட்டி அறை. இரண்டு எலக்ட்ரான்களும் முட்டிக்கொள்கின்றன. அதனால் ஒருவரை வெளியேற்றுவது சுலபமாகிவிடுகிறது. ஒரே திசைச் சுழற்சி கொண்ட மூன்று எலக்ட்ரான்கள் தனித்தனி அறையில் இருக்கும்போது கிடைக்கும் லாபமும் நைட்ரஜன் பக்கம் சேர்கிறது. கீழே போகப் போக அறை பெரிதாகிறது. இரண்டு பேர் ஒரே அறையில் இருந்தாலும் இடிபடுவதில்லை. போதாக்குறைக்கு கனமான அணுக்களில் எலக்ட்ரானின் சுழற்சியும் சுற்றோட்டமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் பாதி நிரம்பியதற்கு இருந்த தனி மவுசும் கரைகிறது. அங்கே அணுக்கருவில் கூடிய ஒரு புரோட்டானின் இழுப்புதான் ஜெயிக்கிறது.

காரணத்தைத் தெரிந்துகொண்டவருக்கு டெல்லூரியம் ஆச்சரியம் இல்லை. சொற்றொடரை மட்டும் தெரிந்துகொண்டவர் டெல்லூரியத்தில் மாட்டிக்கொள்வார். நுழைவுத் தேர்வுகளில் "ஆன்டிமனி, டெல்லூரியம் எது அதிகம்?" என்று கேட்டுவைத்தால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே தர்க்கம் இரண்டாவது எலக்ட்ரானுக்கும் வேலை செய்கிறது. ஒரு எலக்ட்ரான் போன பிறகு ஆக்சிஜன் அயனி, நைட்ரஜன் மாதிரியே மூன்று பி எலக்ட்ரான்களோடு நிற்கிறது. இப்போது அதனிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்க 3388 கிலோஜூல் வேண்டும். ஃபுளூரினுக்கு இரண்டாவது எலக்ட்ரானுக்கு 3374 போதும். முதல் எலக்ட்ரான் விஷயத்தில் 1681 என்று எங்கோ உயரத்தில் இருந்த ஃபுளூரின் இரண்டாவதில் ஆக்சிஜனிடம் தோற்றுப்போகிறது!

தலைக்கு மேலே 300 கிலோமீட்டரில்

இதெல்லாம் பரீட்சைக்கு சரி, நிஜ வாழ்க்கையில் எங்கே என்று கேட்பவர்களுக்காக இனி மூன்று இடங்கள்.

முதல் இடம் ஆகாயம். தரையில் ஆக்சிஜன் இரண்டு இரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாக இருக்கிறது. 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் அந்த ஜோடிகளைப் பிரித்துவிடுவதால் அங்கே ஒற்றை ஆக்சிஜன் அணுக்கள்தான் ராஜா. 1314 கிலோஜூல் என்பதை ஒரு அணுவுக்குக் கணக்கிட்டால் 13.62 எலக்ட்ரான் வோல்ட். இந்த ஆற்றலைத் தரக்கூடிய ஒளியின் அலைநீளம் சுமார் 91 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறமே 400 அளவில்தான். 91-க்குக் கீழே உள்ள கடுமையான கதிர்கள் மேலே ஆக்சிஜனைத் தாக்கி எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகின்றன. அயனி மண்டலத்தின் எஃப் அடுக்கு பிறப்பது முக்கியமாக இப்படித்தான். சிற்றலை வானொலி இந்த அடுக்கில் பட்டுத் திரும்பித்தான் கடல் தாண்டி வந்தது. லண்டனில் இருந்து பி.பி.சி. தமிழோசை தமிழ்நாட்டு வீடுகளில் சிற்றலையில் ஒலித்தபோது அதற்குப் பின்னால் ஆக்சிஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சூரியன் மறைந்ததும் என்ன ஆகும்? கீழே இருக்கும் மூலக்கூறு அயனிகள் சட்டென்று எலக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டு இரண்டாக உடைந்து தீர்ந்துவிடும. ஒற்றை ஆக்சிஜன் அயனியால் அது முடியாது. எலக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டால் வரும் உபரி ஆற்றலை எங்கே தள்ளுவது? உடைவதற்கு அதனிடம் இரண்டாவது அணு இல்லையே. அதனால் முதலில் ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறைத் தேடிப் பிடித்து மின்சுமையைக் கைமாற்ற வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். எனவே இரவில் அடர்த்தியான அடுக்கு மேலேயும் காலியான பகுதி கீழேயும் என்று ஒரு தலைகீழ் நிலை உருவாகிறது. எண்ணெய் மேல் தண்ணீர் ஊற்றியது போல. காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் தென்னிந்தியப் பகுதிகளில் மாலைக்குப் பிறகு கீழிருந்து குமிழிகள் கிளம்பி இந்த அடுக்கைக் கிழித்துக்கொண்டு மேலே போகும். அப்போது ஜி.பி.எஸ். சிக்னல்கூடத் தடுமாறும்.

இந்தக் குமிழிகளை ரேடார் வைத்துப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் இடங்களில் ஒன்று காடங்கி. ஆந்திராவில் திருப்பதி அருகே இருக்கிறது. திருத்தணியில் இருந்து நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர்தான். இந்திய விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் அங்கே 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்றை வைத்திருக்கிறது. திருப்பதி போகிற பல பேருக்கு இப்படி ஒன்று அங்கே இருப்பதே தெரியாது.

இன்னும் ஒரு வேடிக்கை. ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல் 1312, ஆக்சிஜனுடையது 1314. கிட்டத்தட்ட ஒன்று! இரண்டுக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை, வெறும் தற்செயல். ஆனால் இந்தத் தற்செயலால் ஆக்சிஜன் அயனியும் ஹைட்ரஜன் அணுவும் சந்தித்தால் செலவே இல்லாமல் எலக்ட்ரானை மாற்றிக்கொள்ளலாம். எஃப் அடுக்குக்கும் மேலே போகப் போக ஹைட்ரஜன் அயனிகள் நிறைந்திருப்பதற்கு இந்தக் கைமாற்று முக்கியமான காரணம்.

ஆக்சிஜன் மூலக்கூறும் சும்மா இல்லை. அதன் அயனியாக்கும் ஆற்றல் சுமார் 1165. 1962-ல் நீல் பார்ட்லெட் என்ற வேதியியலர் பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிடமே எலக்ட்ரானைப் பிடுங்குவதைக் கண்டார். உடனே அட்டவணையைப் பார்த்தார். செனானுக்கு 1170. ஏறக்குறைய அதே விலை. அப்படியானால் செனானிடமும் பிடுங்கலாமே என்று முயன்றார், பிடுங்கியும் விட்டார். மந்த வாயுக்கள் எதனுடனும் சேராது என்று பல பத்தாண்டுகளாகப் பாடப் புத்தகங்களில் இருந்த வரி அன்று கீழே விழுந்தது. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் அவர் செய்த ஆரம்பக் காரியம்.

ஜெராக்ஸ் கடையில்

இரண்டாவது இடம், பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடை. செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் 1938 அக்டோபர் 22-ல் உலகின் முதல் ஜெராக்ஸ் நகலை எடுத்தபோது துத்தநாகத் தகட்டின் மேல் பூசியிருந்தது கந்தகம். இருட்டில் மின்சாரம் கடத்தாமல், வெளிச்சம் பட்டால் கடத்தும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. ஆனால் கந்தகம் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பேர்வழி. சாதாரண வெளிச்சத்துக்கு அவ்வளவாக மசியவில்லை. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதே தொகுதியில் ஒரு படி கீழே இறங்கி செலினியத்தை எடுத்தார்கள். வேலை பிரமாதமாக நடந்தது. பல ஆண்டுகள் நகல் இயந்திரங்களின் உருளைகளில் செலினியம்தான் பூசப்பட்டது. (இப்போது வேறு கரிமப் பொருட்கள் வந்துவிட்டன.)

1000-ல் இருந்து 941. காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் மஞ்சள் நிறக் காப்புப் பொருளான கந்தகத்துக்கும், வெளிச்சத்தில் விழித்துக்கொள்ளும் செலினியத்துக்கும் நடுவே இருப்பது அந்தப் பிடி தளர்வுதான்.

ஸ்ரீபெரும்புதூரில்

மூன்றாவது இடம் திருத்தணிக்குத் தென்கிழக்கே, தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அங்கே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்கு சூரிய மின்தகடுகள் செய்யக்கூடியது. வீட்டு மாடிகளில் பார்க்கும் தகடுகளில் பெரும்பாலானவை சிலிக்கான். இவர்களுடையது காட்மியம் டெல்லூரைடு. கண்ணாடியின் மேல் ஒரு சில மைக்ரோமீட்டர் தடிமனுக்கு ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

ஏன் டெல்லூரியம்? காட்மியத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூட இருக்கும் சால்கோஜனை மட்டும் மாற்றிப் பாருங்கள். காட்மியம் சல்பைடு மஞ்சள். ஓவியர்கள் வாங்கும் காட்மியம் மஞ்சள் இதுதான். ஒரு எலக்ட்ரானை எழுப்பிவிட அதற்கு 2.4 எலக்ட்ரான் வோல்ட் ஒளி வேண்டும். செலினைடுக்கு 1.7 போதும். டெல்லூரைடுக்கு 1.5. கறுப்பாக இருக்கும், சூரிய ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இந்த எண்களும் அயனியாக்கும் ஆற்றலும் ஒன்றல்ல. ஒன்று தனி அணுவின் கணக்கு, மற்றது திடப்பொருளின் கணக்கு. ஆனால் இரண்டும் ஒரே திசையில் இறங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். கீழே வர வர சால்கோஜன் தன் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் பிடி தளர்கிறது.

டெல்லூரியம் தங்கத்தைப் போலவே அரிதானது. தனியாக அதற்கென்று சுரங்கம் தோண்டுவது அபூர்வம், செம்பைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் சேற்றில் இருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். காட்மியம் நச்சு என்பதால் ஆயுள் முடிந்த தகடுகளைக் குப்பையில் போடாமல் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்வதும் கட்டாயமாகிறது. டெல்லூரியத்தோடு நேரடியாக வேலை செய்பவர்களுக்கு மூச்சில் பூண்டு வாசனை வரும் என்பது கூடுதல் தகவல்!

திருத்தணிக்காரர்களுக்கு டெல்லூரியத்தைப் புரிந்துகொள்வது சுலபம். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 முதல் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனாலும் கே.ஜி.கண்டிகை பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் காதில் விழும். கோடு வரைபடத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை. டெல்லூரியமும் அப்படித்தான். பார்க்க வெள்ளி போல மினுங்கும், அடித்தால் உலோகம் போல நீளாமல் உடையும். உலோகப்போலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடர் சல்பூரிக் அமிலத்தில் சூடாக்கினால் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து நேர்மின் அயனியாகிச் சிவப்பு நிறம் காட்டும். ஆக்சிஜனிடம் அப்படி ஒரு எலக்ட்ரானைப் பறிக்க பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு தேவைப்பட்டது. 1314-க்கும் 869-க்கும் உள்ள தூரம் இதுதான். இன்னும் ஒரு படி இறங்கினால் பொலோனியம், கதிரியக்கம் உள்ள உலோகமே ஆகிவிடுகிறது.

ஒரே தொகுதி, வெளிக்கூட்டில் ஒரே மாதிரி ஆறு எலக்ட்ரான்கள். ஆனால் மேலே இருப்பவர் மூச்சுக்காற்று, கடைசியில் இருப்பவர் கொல்லும் நஞ்சு. நடுவில் மஞ்சள் தூள், நகல் எடுக்கும் உருளை, சூரிய ஒளியை மின்சாரமாக்கும் கறுப்புப் பூச்சு. இவை எல்லாவற்றையும் "குறைகிறது" என்ற ஒரு சொல்லில் அடைத்து மூன்று மார்க் வாங்கிக்கொண்டு போய்விடலாம். போகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது, தேர்வுக்கு நேரம் அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் விதியை மட்டும் படித்தால் அது எங்கே பொய்க்கிறது என்று கேட்க ஆள் இருக்காது. பார்ட்லெட்டிடம் இருந்த அட்டவணைதான் இன்று கிராமத்து அரசுப் பள்ளி மாணவரின் பாடப் புத்தகத்திலும் தமிழில் அச்சாகிக் கிடக்கிறது. எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது பதினேழாம் தொகுதியையும் இதே மாதிரி கழித்துப் பாருங்கள். ஃபுளூரின் 1681, குளோரின் 1251, புரோமின் 1140, அயோடின் 1008. எந்தப் படி பெரியது, எந்தப் படி சின்னது, ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.